காதுக் கல்

மீன் ஆலையில் எனக்குக் காது நன்றாகவே கேட்டது.
வார்டோ தீவின் வெட்டுமேடையில்
பட்டை இரைய, குழாய்கள் சீற,
எதிரே நின்ற ராக்னில் சொன்ன வம்பு
ஒன்றுவிடாமல் வந்து விழுந்தது.
மற்றவர்கள் "என்ன? என்ன?" என்று குனிந்தபோது
நான் பதிலே சொல்லி முடித்திருப்பேன்.
பாம்பே இல்லாத தீவில்
எனக்குப் பாம்புச் செவி என்று பெயர்.
அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்பது
எனக்குத் தெரியாது.
பேச்சு என்றால் அதுதான் என்றிருந்தேன்.

இயந்திரம் நின்றால்தான் சிக்கல்.
காபி அறையின் அமைதியில்
உதடுகள் அசைந்தன.
சிரிப்பைப் பார்த்துச் சிரித்தேன்,
அரை நொடி பிந்தி.

வீட்டில் காய்ந்த ரொட்டியைக் கடித்தால்
அந்த நொறுங்கலில் எய்வின் காணாமல் போவான்.
"முணுமுணுக்காதே" என்பான் என்னை.
நானோ கத்துவதாக நினைத்திருந்தேன்;
பீப்பாய்க்குள் பேசுவதுபோல்
என் குரல் எனக்குள் முழங்கியது.
இரண்டாவது பிள்ளை பிறந்த குளிர்காலம்
இரவெல்லாம் அவனே எழுந்தான்.
விடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவினான்.
(சொல்லியும் இருக்கலாம்.)
கேளாத காதுக்கும் கேட்க மனமில்லாத காதுக்கும்
வெளியே நின்று பார்த்தால் ஒரே முகம்.
பதினோரு ஆண்டு.

ட்ரோம்ஸோவில் டாக்டர் ஹெல்லேவிக்
இசைக்கவையை முழங்காலில் தட்டி
இடக் காதுக்கு முன்னே பிடித்தார்: ஒன்றுமில்லை.
காதின் பின்னே எலும்பில் ஊன்றினார்:
மண்டை முழுக்க மணி.
"நரம்பு நன்றாக இருக்கிறது" என்று தாளில் எழுதினார்.
"அங்கவடி எலும்பு, அரிசியில் பாதி இருக்கும்,
அது ஆட வேண்டும்.
ஓரத்தில் புது எலும்பு வளர்ந்து
அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
குடும்பத்தில் வேறு யாருக்காவது?"
ஹம்மர்ஃபெஸ்டில் தம்பிக்கு.
அவன் வீட்டுத் தொலைக்காட்சி அலறுவதை
நாங்கள் குடி என்று பேசிக்கொண்டோம்.

காட் மீனின் தலையைப் பிளந்தால்
இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும், காதுக் கற்கள்.
ஆய்வு நிலையத்துப் பையன் டப்பியில் வாங்கிப்போவான்,
குறுக்கே அறுத்து
வளையம் எண்ணி வயது சொல்ல.
என்னுடையதையும் அப்படி அறுத்துப் பாருங்கள்
என்று கேட்கத் தோன்றியது.
எந்த வளையத்தில் தொடங்கியது?
எந்தச் சண்டை என்னுடையது,
எது எலும்பினுடையது?

கருவி மாட்டலாம், அல்லது அறுக்கலாம் என்றார்.
நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது
அடியோடு போய்விடலாம்;
அதையும் எழுதினார், அடிக்கோடிட்டு.
ஒரு குளிர்காலம் கருவியோடு ஓட்டினேன்.
காற்று மட்டும் நன்றாகக் கேட்டது.
பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மரத்துப்போக ஊசி. விழித்தே கிடந்தேன்.
எலும்பின் வளைவை எடுத்து, அடித்தட்டில் துளையிட்டு
ஒரு பிஸ்டனை நிறுத்தினார்கள்;
ஆலை விடாது என்னை.
பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து யாரோ
"நாற்பத்தேழு" என்றார்கள், கிசுகிசுப்பாக.
நாற்பத்தேழு, என்றேன்.
அழவில்லை. மூக்குச் சிந்தக் கூடாது என்று
முன்பே எச்சரித்திருந்தார்கள்.

சில நாள் கட்டில் சுழன்றது.
நாக்கின் இடப்பக்கம் காபி காசுபோல் கைத்தது.
பிறகு ஒவ்வொன்றாக வந்தன:
குளிர்பெட்டியின் முனகல்,
என் சட்டைக்கை என் சட்டையில் உரசுவது,
எய்வின் மூச்சுவிடுவது.
"உப்பு!" என்று அவன் இன்னும் அலறுகிறான்.
மெல்லச் சொல் என்று நான் சொல்லவில்லை.
பதினோரு ஆண்டு கத்தியவன்;
இறங்கி வர நாளாகும்.

விடுப்பு முடிந்து ஆலைக்குப் போனேன்.
பட்டை ஓடத் தொடங்கியதும் கத்தி நழுவியது.
இவ்வளவு சத்தத்திலா நின்றிருந்தேன்?
மேற்பார்வையாளரிடம் காதுமூடி கேட்டு வாங்கினேன்.
எதிரே ராக்னில் வாயசைத்தாள்.
"என்ன?" என்று குனிந்தேன்,
எல்லாரையும்போல.